லினக்ஸுக்கு எழுதிய பகிர்வு ஃபைல் சிஸ்டத்தை ஃப்ரீபிஎஸ்டிக்கு மாற்றுகிறோம்: கம்பைல் ஆகிறது, ஆனால் லாக் கோப்புகள் காலியாகின்றன

வட்டுநிரம்பி (கேள்வி)

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் சொந்தமாக எழுதிய ஒரு பகிர்வு ஃபைல் சிஸ்டம் ஓடுகிறது. முழுக்க சி மொழி, கெர்னலுக்குள் எதுவும் இல்லை. கிளையண்ட் பக்கம் ஃபியூஸ் (ஃபைல் சிஸ்டத்தைச் சாதாரண நிரலாகவே எழுத வழி தருவது), அதுவும் அதன் பழைய நூலகமான லிப்ஃபியூஸ் 2. சர்வர் பக்கம் ஒரு டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். கோப்புகளை அது சாதாரண எக்ஸ்எஃப்எஸ் அடைவுகளில் வைத்துக்கொள்கிறது. கோப்பின் அடையாள எண், எந்தப் பிரதி புதியது என்கிற கணக்கு எல்லாம் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டில், அதாவது கோப்போடு ஒட்டி வைக்கும் கூடுதல் குறிப்புகளில். குளஸ்டர்எஃப்எஸ் என்கிற பகிர்வு ஃபைல் சிஸ்டம் தெரிந்தவர்களுக்கு அமைப்பு உடனே புரியும். எழுதியவர் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். அவர் இப்போது எங்களோடு இல்லை.

கிளையண்டுகளை லினக்ஸிலேயே விட்டுவிட்டு, சேமிப்பு சர்வர்களை மட்டும் ஃப்ரீபிஎஸ்டி 14 இயங்குதளம், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். கம்பைல் செய்வதற்கே பெரும்பாடு. ஈபோலுக்கு பதில் கேக்யூ, ஆர்க்பி நூலகத்தைத் தனியாக நிறுவியது, பாஷ் இருக்கும் இடம், செட் கட்டளையின் ஐ விருப்பம் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். இப்போது எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் கம்பைல் ஆகிறது. மவுண்ட் ஆகிறது, கோப்புகளை நகலெடுத்தால் செக்சம் சரியாக இருக்கிறது.

ஆனால் ஓட்டிப் பார்த்தால் விசித்திரமான கோளாறுகள்:

லாக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் பழைய வரிகள் எல்லாம் போய் அந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது.

ஆட்ரிபியூட் இல்லாத கோப்பில் கெட்எஃப்அட்டர் கட்டளை அடித்தால் "டூ மெனி யூசர்ஸ்" என்று பிழை வருகிறது. நான் ஒருவன்தான் உள்ளே இருக்கிறேன்.

உள்ளே கோப்பு இருக்கும் அடைவை அழிக்கப் பார்த்தால் "அடைவு காலியில்லை" என்று சொல்லாமல் "ஆப்ஜெக்ட் ஈஸ் ரிமோட்" என்கிறது.

நிறைய பேர் ஒரே சமயத்தில் எழுதும்போது "ரிசோர்ஸ் டெட்லாக் அவாய்டெட்". லினக்ஸ் சர்வராக இருந்தால் இந்த இடத்தில் கிளையண்ட் பேசாமல் மறுபடி முயற்சி செய்யும்.

நான்கும் தனித்தனிக் கோளாறுகளா? டெட்லாக் என்று வருவதால் எங்கள் த்ரெட் பூட்டுகளைத்தான் முதலில் பார்க்கத் தொடங்கினோம். எங்கே பிடிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

---

எளியவழி

நேரடியாகவே கேட்கிறேன்: எதற்கு இந்தப் பாடு? இசட்எஃப்எஸ்தான் வேண்டும் என்றால் லினக்ஸிலேயே போடலாமே. 2020-ல் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.0 முதல் லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் மூலநிரல் ஒன்றுதான்.

---

வட்டுநிரம்பி

நானும் அதைத்தான் கேட்டேன். முடிவு எங்கள் கையில் இல்லை. மற்ற எல்லா சேமிப்பு இயந்திரங்களும் ஃப்ரீபிஎஸ்டியில் இருக்கின்றன, பராமரிப்பவர்களுக்குப் பழகியதும் அதுதான். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

---

ஹெடர்பிரியர்

த்ரெட் பூட்டுகளை விட்டுவிடுங்கள் தம்பி, அங்கே ஒன்றும் இல்லை. நான்கும் ஒரே இடத்தில் பிறந்தவை: உங்கள் புரோட்டோகால், லினக்ஸ் தன் ஃபிளாகுகளுக்கும் பிழைகளுக்கும் வைத்திருக்கும் எண்களை அப்படியே கம்பியில், அதாவது நெட்வொர்க்கில், அனுப்புகிறது.

லாக் கோப்பை முதலில் பார்ப்போம். லினக்ஸில், எக்ஸ்86 இயந்திரத்தில், ஓ-அப்பெண்ட் என்கிற ஃபிளாகின் மதிப்பு 1024. ஃப்ரீபிஎஸ்டியில் ஓ-அப்பெண்ட் 8. அங்கே 1024 என்றால் ஓ-ட்ரங்க். "கடைசியில் சேர்க்கத் திற" என்று கிளையண்ட் சொல்கிறது, "காலி செய்துவிட்டுத் திற" என்று சர்வர் புரிந்துகொள்கிறது. திறப்பதில் பிழை இல்லை, எழுதுவதில் பிழை இல்லை, தரவு மட்டும் போய்விடும். கொஞ்சம் தள்ளி வேறு எண்ணாக வைத்திருந்தால் இன்வேலிட் ஆர்க்யுமெண்ட் என்றாவது வந்திருக்கும்.

மற்றவையும் இப்படித்தான். லினக்ஸில் ஓ-கிரியேட் (இல்லாவிட்டால் உருவாக்கு) 64, ஓ-எக்ஸ்கிள் (ஏற்கனவே இருந்தால் உருவாக்காதே) 128, ஓ-ட்ரங்க் 512, ஓ-நான்பிளாக் (காத்திருக்காதே) 2048. ஃப்ரீபிஎஸ்டியில் ஓ-கிரியேட் 512, ஓ-எக்ஸ்கிள் 2048, ஓ-நான்பிளாக் 4. அதாவது லினக்ஸின் ட்ரங்க் அங்கே கிரியேட், லினக்ஸின் நான்பிளாக் அங்கே எக்ஸ்கிள். படிக்க, எழுத, இரண்டுக்கும் என்கிற 0, 1, 2 மட்டும் இரண்டிலும் ஒன்று.

"அப்படியானால் மற்ற எல்லாம் எப்படி ஓடுகிறது?" என்று கேட்பீர்கள். காரணம் ஃபியூஸ். சாதாரண ஓபனில் லினக்ஸ் கெர்னல் ஓ-கிரியேட்டையும் ஓ-எக்ஸ்கிள்ளையும் கழற்றிவிட்டுத்தான் உங்கள் நிரலிடம் கொடுக்கிறது. லிப்ஃபியூஸ் 2-ல் இயல்பாக ஓ-ட்ரங்கும் வராது; கோப்பின் நீளத்தை 0 ஆக்கு என்று தனியாக ஒரு அழைப்பு வரும். புதுக் கோப்புக்குத் தனியே கிரியேட் அழைப்பு உண்டு, அதைக் கையாளும் இடத்தில் ஓ-கிரியேட்டை டீமனே சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். ஆக, கெர்னல் தொடாமல் உங்களிடம் தருகிற ஃபிளாகுகளில் அன்றாடம் வந்து தொல்லை தரக்கூடியது ஓ-அப்பெண்ட் ஒன்றுதான். அதுவே மாட்டிக்கொண்டது.

இனி பிழை எண்கள். ஃப்ரீபிஎஸ்டியில் ஆட்ரிபியூட் இல்லை என்பதற்கு ஈ-நோஅட்டர், எண் 87. லினக்ஸில் 87 என்றால் ஈ-யூசர்ஸ்; உங்கள் "டூ மெனி யூசர்ஸ்" அதுதான். அடைவு காலியில்லை என்பது அங்கே 66. லினக்ஸில் 66 என்பது ஈ-ரிமோட். ஈ-அகெய்ன் அங்கே 35. லினக்ஸில் 35 என்றால் ஈ-டெட்லாக். பிறகு முயற்சி செய் என்று சர்வர் சொல்கிறது, கிளையண்டுக்கு டெட்லாக் என்று கேட்கிறது, அதனால்தான் மறுமுயற்சி நின்றுபோனது.

இதில் ஒரு வேடிக்கை. 1 முதல் 34 வரை பிழை எண்கள் இரண்டிலும் ஒன்றே, பழைய பெல் லேப்ஸ் யூனிக்ஸ் காலத்திலிருந்து வருபவை. 11 மட்டும் விதிவிலக்கு. லினக்ஸில் 11 ஈ-அகெய்ன், 35 ஈ-டெட்லாக். ஃப்ரீபிஎஸ்டியில் அப்படியே தலைகீழ்: 11 டெட்லாக், 35 அகெய்ன். ஃப்ரீபிஎஸ்டியில் பிழை எண்களின் பட்டியலான எர்னோ ஹெடரைத் திறந்து பாருங்கள், 11-க்குப் பக்கத்தில் "முன்பு இது ஈ-அகெய்ன்" என்று ஒரு குறிப்பே இருக்கும். பிஎஸ்டிக்காரர்கள் அந்தப் பெயரைச் சாக்கெட்டுகளுக்காக வந்த ஈ-உட்பிளாக்கோடு சேர்த்துவிட்டு, காலியான 11-ஐ டெட்லாக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்களைப் போன்றவர்கள் சோதனையை "கோப்பு இல்லை", "அனுமதி இல்லை" என்று சின்ன எண்களோடு நிறுத்திக்கொள்வதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

நீங்கள் இன்னும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூட்டு வகை எண்ணும் கம்பியில் அப்படியே போகிறதா என்று பாருங்கள். லினக்ஸில் படிப்புப் பூட்டு 0, எழுத்துப் பூட்டு 1, விடுவிப்பு 2. ஃப்ரீபிஎஸ்டியில் படிப்பு 1, விடுவிப்பு 2, எழுத்து 3. பூட்டு அட்டவணையை டீமனே வைத்திருந்து, வந்த எண்ணைத் தன் ஊர் மாறிலியோடு ஒப்பிட்டால், லினக்ஸ் கிளையண்ட் கேட்கும் எழுத்துப் பூட்டு அங்கே படிப்புப் பூட்டாகப் பதிவாகும். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் கிடைக்கும். இது லாக் கோப்பை விட மோசம், ஏனென்றால் யாருக்கும் உடனே தெரியாது.

இது உங்கள் முன்னோடியின் தனிப்பட்ட குற்றமும் இல்லை. சன் நிறுவனத்தார் என்எஃப்எஸ் என்கிற நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தை எழுதியபோது இதை யோசித்தார்கள்: புரோட்டோகாலுக்குச் சொந்தமாக ஒரு பிழைப் பட்டியல். 1995-ல் வந்த என்எஃப்எஸ் 3 விவரக்குறிப்பில் பெயர் நீளம் 63, அடைவு காலியில்லை 66, ஸ்டேல் (காலாவதியான கோப்புப் பிடி) 70. சன்ஓஎஸ் பிஎஸ்டி வழி வந்ததால் அந்த எண்கள் இன்றைய ஃப்ரீபிஎஸ்டியின் எண்களேதான். லினக்ஸில் அவை 36, 39, 116. அதனால் அங்கே மாற்றிக்கொள்கிறார்கள். பிளான் 9 இயங்குதளத்தின் 9பி புரோட்டோகால் இன்னும் சுத்தம்: பிழையை எண்ணாக அல்லாமல் எழுத்து வரியாகவே அனுப்பியது. பிற்பாடு லினக்ஸுக்கென்று 9பி2000.எல் என்று ஒரு வடிவம் செய்து, லினக்ஸின் பிழை எண்களையே புரோட்டோகாலாக்கிவிட்டார்கள். 2022-ல் க்யூஈமு என்கிற மெய்நிகர் இயந்திர நிரலின் 7.0 பதிப்பு மேக் இயந்திரத்திலிருந்து அடைவைப் பகிர வழி செய்தபோது, மேக்கின் எண்களை லினக்ஸ் எண்களாக மாற்றும் வேலையும் கூடவே வந்து சேர்ந்தது.

செய்ய வேண்டியது இதுதான். ஏற்கனவே ஓடும் லினக்ஸ் கிளையண்டுகளைத் தொடாதீர்கள். லினக்ஸ் எக்ஸ்86 எண்களையே கம்பியின் எண்கள் என்று அறிவித்து, சொந்தப் பெயரில் ஒரு ஹெடரில் எழுதுங்கள். குளஸ்டரும் இதைத்தான் செய்கிறது. அதன் ஆர்பிசி ஹெடரில் ஜிஎஃப்-ஓ என்று தொடங்கும் மாறிலிகள் இருக்கும், மதிப்பு லினக்ஸுடையதே. செஃப் என்கிற பகிர்வு சேமிப்பு மென்பொருள் கூட பிழை எண்ணை லினக்ஸ் வடிவில் அனுப்பி, மற்ற இயங்குதளங்களில் வாசலில் வைத்து மாற்றிக்கொள்கிறது. ஃபிளாகை ஒவ்வொரு பிட்டாகப் பார்த்து மாற்றுங்கள். தெரியாத பிட் வந்தால் விழுங்கிவிடாமல் பிழை கொடுங்கள். தெரியாத பிழை எண்ணானால் ஐஓ பிழை என்று அனுப்பிவிட்டு லாகில் ஒரு வரி. இதைச் செய்யும் வரை அந்த சர்வரில் யாருடைய உண்மையான தரவையும் வைக்காதீர்கள்.

கோப்பின் மோட் எண்களை மாற்ற வேண்டியதில்லை, அவை இரண்டிலும் ஒன்றுதான். டிவைஸ் எண்கள் அப்படியல்ல. மேஜர், மைனர் என்று பிரித்தே அனுப்புங்கள்.

---

வட்டுநிரம்பி

அண்ணே, பேச்சே வரவில்லை. பூட்டு எண்ணும் அப்படியேதான் போகிறது. இரண்டு கிளையண்டிலிருந்து ஒரே கோப்புக்கு எழுத்துப் பூட்டு கேட்டுப் பார்த்தேன், இரண்டுக்கும் கிடைத்தது.

ஹெடர் போட்டு மாற்றிவிட்டோம். நான்கு கோளாறும் போய்விட்டன. அடுத்த கட்டமாக ஒரு பிரதி லினக்ஸ் சர்வரிலும் இன்னொரு பிரதி ஃப்ரீபிஎஸ்டியிலும் இருக்கும்படி வைத்துப் பார்க்கிறோம், படிப்படியாக மாற்ற வசதியாக இருக்கும் என்று. இப்போது வேறு தொல்லைகள்.

ஒன்று, புதிதாக உருவாகும் கோப்பின் குரூப் இரண்டு பிரதிகளிலும் வேறாக இருக்கிறது. சரிபார்க்கும் நிரல் ஓயாமல் ஒன்றை மற்றொன்றாகத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

இரண்டு, ஒவ்வொரு கோப்புக்கும் அடையாள எண்ணின் பெயரில் ஒரு மறைவு அடைவில் ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) வைப்போம். வேறு கோப்பின் பாதையைக் காட்டும் சிம்லிங்க்குகளுக்கு மட்டும் அது தவறான இடத்தைக் காட்டுகிறது, சிலவற்றில் "கோப்பு இல்லை" என்று வருகிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கோப்பு வேலைக்கு மட்டும் வேறு பயனராக மாற உதவும் செட்எஃப்எஸ்யூஐடி அழைப்பு ஃப்ரீபிஎஸ்டியில் இல்லாததால், கம்பைல் ஆகட்டும் என்று எங்கள் பையன் ஒருவன் அந்த இடத்தில் செட்-ஈ-யூஐடி என்று மாற்றியிருக்கிறான். ஓடுகிறது. பரவாயில்லையா?

---

ஹெடர்பிரியர்

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில்: பரவாயில்லை இல்லை. டீமனை இப்போதே நிறுத்துங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

லினக்ஸில் செட்எஃப்எஸ்யூஐடி அதை அழைத்த த்ரெட்டை மட்டும் பாதிக்கும். அதனால்தான் பல த்ரெட் வைத்த கோப்பு சர்வர்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு த்ரெட்டும் தன் வாடிக்கையாளரின் வேடத்தைப் போட்டுக்கொண்டு வேலையை முடித்து, வேடத்தைக் கலைத்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் செட்-ஈ-யூஐடி முழு பிராசஸுக்கும் உரியது. ஒரு த்ரெட் சாதாரணப் பயனராக மாறிய கணத்தில் மற்ற எல்லாத் த்ரெட்டுகளும் அவராகிவிடும். அது வேலையை முடித்து ரூட்டுக்குத் திரும்பும்போது, அனுமதியில்லாத யாரோ ஒருவருக்காக ஓபன் செய்யப் போன இன்னொரு த்ரெட்டும் ரூட்டாகிவிடும். ஒருவர் மட்டும் சோதித்தால் எதுவுமே தெரியாது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இதே மாற்றத்தைச் செய்திருந்தார்கள். ஒருவர் உருவாக்கிய கோப்பு அவ்வப்போது பக்கத்து மேசைக்காரர் பெயரில் வந்துகொண்டிருந்தது, அதை வேறெங்கோ உள்ள கோளாறு என்று நெடுநாள் தேடினார்கள்.

வழிகள் இரண்டு. எல்லாவற்றையும் ரூட்டாகவே செய்து, அனுமதியை உங்கள் நிரலே பரிசோதித்து, உருவாக்கியதும் உரிமையாளரை மாற்றிவிடுவது ஒன்று. குளஸ்டரில் அனுமதியைப் பரிசோதிப்பதற்கென்றே சர்வர் பக்கம் ஒரு ட்ரான்ஸ்லேட்டர் (அதன் கூறுகளை அப்படித்தான் அழைப்பார்கள்) இருக்கிறது, அதைப் படித்துப் பாருங்கள். பயனருக்கு ஒரு பிராசஸ் என்று பிரித்துவிடுவது இன்னொன்று. மெதுவானது, ஆனால் நிம்மதி. உங்கள் அளவுக்கு முதல் வழியே போதும் என்பது என் கணிப்பு. கிளையண்ட் பக்கம் டிஃபால்ட்-பெர்மிஷன்ஸ் விருப்பம் போட்டு மவுண்ட் செய்தால் கெர்னலே பரிசோதிக்குமே என்று யாராவது சொல்வார்கள். கிளையண்ட் இயந்திரங்களில் ரூட் யார் கையில் இருக்கிறது என்று யோசித்துவிட்டு அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

குரூப் விஷயம் யூனிக்ஸின் பழைய குடும்பச் சண்டை. பிஎஸ்டியில் புதுக் கோப்பு, தான் பிறந்த அடைவின் குரூப்பை எடுத்துக்கொள்ளும், எப்போதும். லினக்ஸில் உருவாக்கும் பிராசஸின் குரூப். அடைவில் செட்ஜிஐடி பிட் இருந்தால் மட்டும் அடைவின் குரூப். இரண்டையும் யூனிக்ஸ்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரம் அனுமதிக்கிறது, ஆகவே யார் மீதும் குறை சொல்ல முடியாது. எந்தப் பக்கமும் இயல்பை நம்பாமல், குரூப் என்னவாக இருக்க வேண்டும் என்று நீங்களே தீர்மானித்து, உருவாக்கியதும் எஃப்சோன் அழைப்பால் அதை அமையுங்கள். முதல் வழியில் போனால் இது தானாகவே சரியாகிவிடும்.

சிம்லிங்க் விவகாரம்: லினக்ஸில் லிங்க் அழைப்பு சிம்லிங்க்கின் மேலேயே ஹார்டு லிங்க் போடும். ஃப்ரீபிஎஸ்டியில் அது சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து போய் அது காட்டும் கோப்புக்கு லிங்க் போடும். அந்தக் கோப்பு சர்வரில் இல்லாவிட்டால் "கோப்பு இல்லை". லிங்க்அட் என்கிற அழைப்பை ஃபிளாக் 0 கொடுத்துப் பயன்படுத்துங்கள், இரண்டிலும் ஒரே மாதிரி நடக்கும். ஏற்கனவே தவறாகப் போட்ட லிங்க்குகளை ஒரு முறை தேடி அழிக்க வேண்டும், மறக்காதீர்கள்.

இதே இனத்தில் இன்னும் சில இருக்கின்றன. அடைவின் மேல் அன்லிங்க் அழைத்தால் லினக்ஸ் "இது அடைவு" என்று சொல்லும். ஃப்ரீபிஎஸ்டி "அனுமதி இல்லை" என்று சொல்லும், போசிக்ஸில் உள்ளது அதுதான். ஓ-நோஃபாலோ போட்டு சிம்லிங்க்கைத் திறந்தால் லினக்ஸில் ஈ-லூப், ஃப்ரீபிஎஸ்டியில் ஈ-எம்லிங்க். இவற்றை எண் மாற்றும் அட்டவணை பிடிக்காது, ஏனென்றால் பெயரே வேறு. அழைக்கிற இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டை எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லவில்லை. லினக்ஸில் டிரஸ்டட், யூசர் என்று பெயரின் முன்னால் ஒட்டு. ஃப்ரீபிஎஸ்டியில் யூசர், சிஸ்டம் என்று இரண்டே வெளிகள், அது தனி அளவுருவாகப் போகும். டிரஸ்டட் என்பதை சிஸ்டத்தில் வையுங்கள். பட்டியல் எடுக்கும்போது லினக்ஸ் பூஜ்ய பைட்டில் முடியும் பெயர்களைத் தரும். ஃப்ரீபிஎஸ்டி நீளத்துக்கு ஒரு பைட், பிறகு பெயர், முடிவில் பூஜ்யம் இல்லை. "இருந்தால் எழுதாதே" என்று சொல்லும் ஃபிளாகும் அங்கே கிடையாது. பிரதிக் கணக்கை அதை நம்பி எழுதியிருந்தால் உங்கள் பக்கமே ஒரு பூட்டு போட வேண்டும். அப்புறம், ஃப்ரீபிஎஸ்டியின் தனிமைப்படுத்திய சூழலான ஜெயிலுக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரூட்டுக்கு சிஸ்டம் வெளியைத் தொட இயல்பாக அனுமதி இல்லை.

---

நெய்தல்

நல்ல இழை, கிளையண்ட் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். உங்கள் அலுவலகத்தில் யாராவது மேக் வைத்திருந்து, மேக்ஃபியூஸ் வழியாக இதே ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்யப் போகிறார்கள் என்றால், தமிழில் பெயர் வைத்த கோப்புகளைக் கவனியுங்கள்.

யூனிகோடில் "தொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். த-வுக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியீடாகவும் வரலாம். எகரக் குறி, அதன் பின் கால் என்று இரண்டாகப் பிரித்தும் வரலாம். ஒ, ஓ, ஔ மூன்று உயிர்க்குறிகளுக்கும் இதே கதை. லினக்ஸ் கெர்னலுக்குக் கோப்பின் பெயர் வெறும் பைட் வரிசை. நீங்கள் தட்டியது எதுவோ அது. மேக்கின் ஃபைண்டர் போன்ற நிரல்கள் பெயரைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் ஃபைல் சிஸ்டத்திடம் கொடுக்கின்றன. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் வட்டிலேயே அப்படித்தான் சேமித்தது.

குளஸ்டர் வழி வந்தது என்கிறீர்கள், அப்படியானால் பெயரின் பைட்டுகளிலிருந்து ஒரு எண் கணக்கிட்டு, அதாவது ஹேஷ் செய்துதான் கோப்பு எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று முடிவாகும். "தொகுப்பு" என்று லினக்ஸில் ஒருவர் உருவாக்கியது ஒரு சர்வரில், அதையே மேக்கிலிருந்து ஒருவர் திறக்கப் பார்த்தால் தேடுவது இன்னொரு சர்வரில். கடைசியில் ஒரே அடைவில், பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். நாங்கள் படங்கள் சேமிக்கும் இடத்தில் இதைப் பார்த்தோம். "கோயில்", "ஊர்கோலம்" எல்லாம் இரட்டையாகிவிட்டன, "மழை" மட்டும் ஒன்றாகவே இருந்தது. ஆங்கிலப் பெயர் மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் சிக்கியே இருக்காது.

---

வட்டுநிரம்பி

மேக் கிளையண்ட் இன்னும் இல்லை, ஆனால் வடிவமைப்புக் குழுவினர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இசட்எஃப்எஸ்ஸில் நார்மலைசேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கிறதே, அதைப் போட்டால் தீருமா?

---

நெய்தல்

தீராது. அது ஒரு சர்வருக்குள், பெயரை ஒப்பிடும்போது மட்டும்தான் உதவும். எந்த சர்வர் என்பதைக் கிளையண்ட் அதற்கு முன்பே முடிவு செய்துவிடும். மேலும் அந்த அமைப்பை டேட்டாசெட் உருவாக்கும்போதே போட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. மேக் கிளையண்டில், ஹேஷ் போடுவதற்கு முன்னால், பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். மூலநிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கூட இதற்காகவே பிரிகம்போஸ்யூனிகோட் என்று ஒரு அமைப்பை வைத்திருக்கிறது.

---

ஹெடர்பிரியர்

இது எனக்கு உறைக்காத கோணம், நன்றி நெய்தல். கூடவே ஒன்று: பெயரின் நீள எல்லை. லினக்ஸில் 255 பைட். யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 85 குறியீடுகள்தான். எச்எஃப்எஸ் பிளஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டிலும் 255 யூடிஎஃப்-16 அலகுகள், தமிழுக்கு அது 255 குறியீடுகள். நம் ஆட்கள் அழைப்பிதழ் வாசகம் முழுவதையும் கோப்பின் பெயராக வைப்பவர்கள். அந்த வட்டுகளிலிருந்து நகலெடுக்கும்போது "பெயர் நீளம் அதிகம்" என்று வந்தால் திகைக்காதீர்கள்.

வட்டுநிரம்பிக்கு: ஒருநாள் கிளையண்டையும் மாற்றச் சொல்வார்கள், அப்போது கெர்னல் பக்கம் மெல்லியதாக இருக்கட்டும். கார்னகி மெலனில் 1987-ல் தொடங்கிய கோடா ஃபைல் சிஸ்டம் இதற்கு நல்ல பாடம். அதை நடத்திய சத்யநாராயணன் நம்ம ஐஐடி மெட்ராஸில் படித்தவர். கெர்னலுக்குள் சிறிய துண்டு, மீதி எல்லாம் வீனஸ் என்கிற பயனர் நிரலில். மாக் என்கிற கெர்னலில் பிறந்தது அப்படித்தான் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி எல்லாவற்றுக்கும் போனது. விண்டோஸ் 95-க்குக் கூடக் கொண்டுபோனார்கள். அங்கே வின்32 அழைப்புகள் ஒரு பொதுப் பூட்டைப் பிடித்துக்கொள்ளும். கோப்புக்காக ஒரு நிரல் அந்தப் பூட்டோடு காத்திருக்க, கோப்பைத் தர வேண்டிய வீனஸும் அதே பூட்டுக்குக் காத்திருக்கும். அதனால் வீனஸை டிஜேஜிபிபி கம்பைலர் வைத்து டாஸ் நிரலாகக் கம்பைல் செய்து தப்பித்தார்கள். உங்களுக்கு அவ்வளவு சிரமம் வராது. ஃப்ரீபிஎஸ்டியின் ஃபியூஸ் வெகுகாலம் 7.8 புரோட்டோகாலில் தேங்கிக் கிடந்தது, 2019-ல் அதைத் தூசி தட்டிச் சீரமைத்தார்கள். 14-ல் தாராளமாக நம்பலாம்.

இப்போதைக்கு, ஃபைல் சிஸ்டம் போசிக்ஸ்படி நடக்கிறதா என்று பார்க்கும் பிஜேடிஎஃப்எஸ்டெஸ்டை ஓட்டுங்கள். இசட்எஃப்எஸ்ஸை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்த பவேல் யாக்குப் தவிடெக் எழுதியது. லினக்ஸ் கிளையண்டில், ரூட்டாக, முதலில் லினக்ஸ் சர்வரை வைத்து ஒரு முறை, பிறகு ஃப்ரீபிஎஸ்டி சர்வரை வைத்து ஒரு முறை. இரண்டின் முடிவையும் டிஃப் போட்டுப் பாருங்கள். தனியாக எது தோற்கிறது என்பதை விட, எங்கே வேறுபடுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

---

வட்டுநிரம்பி

ஓட்டினோம் அண்ணே. டிஃபில் வந்ததில் பெரும்பாலானவை நீங்கள் சொன்ன அன்லிங்க், குரூப் சமாச்சாரங்கள்தான். அவற்றை அழைக்கும் இடத்திலேயே சரிசெய்துகொண்டிருக்கிறோம். செட்-ஈ-யூஐடியைத் தூக்கிவிட்டோம், பையனையும் திட்டவில்லை.

அதில் வராத ஒன்று: முன்கூட்டியே இடம் ஒதுக்கும் அழைப்பு. லினக்ஸில் ஃபாலோகேட், இங்கே போசிக்ஸ்-ஃபாலோகேட் என்று மாற்றினோம். இசட்எஃப்எஸ்ஸில் இடம் ஒதுக்கவே இல்லை, ஆனால் பிழையும் வரவில்லை. கிளையண்ட் வெற்றி என்று நினைத்துக்கொள்கிறது.

---

ஹெடர்பிரியர்

பிழை வருகிறது, நீங்கள் பார்க்கும் இடத்தில் இல்லை. போசிக்ஸ்-ஃபாலோகேட் தோற்றால் மைனஸ் 1 தந்து எர்னோவில் எண்ணை வைக்காது. பிழை எண்ணையே திருப்பித் தரும். மதிப்பு 0-வை விடச் சிறியதா என்று சோதித்தால் எப்போதும் வெற்றிதான். இசட்எஃப்எஸ் எழுதும் ஒவ்வொரு முறையும் புது இடத்தில் எழுதுவது, ஆகவே முன்பதிவுக்கு அதனால் உத்தரவாதம் தர முடியாது. இன்வேலிட் என்று திருப்பும். அதை "இந்த வசதி இல்லை" என்கிற கம்பி எண்ணாக மாற்றி அனுப்புங்கள், லினக்ஸ் நிரல்கள் அதைப் பார்த்து வேறு வழிக்குப் போய்விடும். கோப்பின் நடுவில் துளை போடும் வேலைக்கு எஃப்ஸ்பேஸ்சிடிஎல் என்று தனி அழைப்பு 14-ல் இருக்கிறது, அது இசட்எஃப்எஸ்ஸில் வேலை செய்யும்.